ஹார்ட்னர்னா ஒண்ணு இல்ல, மூணு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

உங்க வீட்டு டிராயரைத் திறந்து பாருங்க. பழைய சார்ஜர், தீர்ந்துபோன பேட்டரி, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு அரால்டைட் டப்பா இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே ரெண்டு ட்யூப். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு ஹார்ட்னர். ரெண்டையும் சமமா பிழிஞ்சு, தீக்குச்சியால கலக்கி, உடைஞ்ச கப்போட காதை ஒட்டியிருப்பீங்க. மறுநாள் காலையில கல்லு மாதிரி ஆயிருக்கும்.

அந்த ரெண்டாவது ட்யூப்தான் இன்னைக்கு நம்ம விஷயம். ரெசின் தனியாக இருந்தால் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். அதை இறுக வைக்கிற பொருளுக்குத்தான் ஹார்ட்னர் என்று பெயர். வீட்டுக்கு வரும்போது சின்ன ட்யூப். பட்டறைக்குப் போகும்போது பெரிய கேன். ஃபைபர் படகு, பஸ் பாடி, கார் பெயின்ட், மர ஃபர்னிச்சர், தரைக்குப் போடும் கோட்டிங், காற்றாலை இறக்கை, இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்க்கிற ரெசின் ஆர்ட் கடிகாரம் வரை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஹார்ட்னர் வேண்டும்.

நான் ரசாயனப் பாதுகாப்பு வேலையில இருக்கேன். ஃபைபர் பட்டறை, பெயின்ட் பூத், ஃபர்னிச்சர் யூனிட்னு போய், எது எங்கே வெச்சிருக்காங்கன்னு பார்க்கறதுதான் என் வேலை. எப்படிக் கலக்கறதுன்னு சொல்ல யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. ஆனா ஒரு நாள்ல கலக்கற நேரம் ரெண்டு மணி நேரம்னா, மீதி இருபத்திரண்டு மணி நேரம் அந்தக் கேன் ஏதோ ஒரு மூலையில சும்மா உட்கார்ந்திருக்கு. அந்த இருபத்திரண்டு மணி நேரத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஒரே பேர், மூணு குணம்

முதல் சிக்கல் பேரிலேயே இருக்கு. கடையில் 'ஹார்ட்னர் குடுங்க' என்று கேட்டால், எதற்கு என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு ரசாயனக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சரியான பாதுகாப்பு இன்னொன்றுக்குத் தப்பாகிவிடும்.

முதலாவது, அமீன். எபாக்சி ரெசினோடு வரும் ஹார்ட்னர் பெரும்பாலும் இந்தக் குடும்பம். ரெசின் ஆர்ட் பண்றவங்க வீட்டில் இருப்பதும் இதுதான். இது அரிக்கிற ரகம். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பெரிய காயம். அதைவிட முக்கியமாக, அலர்ஜி. முதல் பத்து தடவை ஒன்றும் ஆகாது. ஒரு நாள் உடம்பு 'போதும்' என்று முடிவு பண்ணிவிட்டால், அதற்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலே கை தடித்துவிடும். அந்த அலர்ஜி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விலகாது. வைக்கிற முறை எளிது: காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இது இழுத்துக்கொள்ளும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் அதுதான் காரணம். அதனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

ரெண்டாவது, ஐசோசயனேட். காருக்கு அடிக்கும் டூ-கே பெயின்ட், கதவுக்கு அடிக்கும் பி.யூ. பாலிஷ், இதுக்கெல்லாம் தனி டப்பாவில் வரும் ஹார்ட்னர் இது. இதன் எதிரி தண்ணீர். தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகும். ஈரக் குச்சியை உள்ளே விட்டுக் கலக்கிவிட்டு, மூடியை அழுத்திப் போட்டுவிட்டால், உள்ளே வாயு சேர்ந்து டப்பா உப்பும். வெடித்தும் போகலாம். ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பப் பெயர் கொண்டதுதான். அது காற்றில் சட்டென்று ஆவியாகிப் பரவும் பொருள். பெயின்ட் ஹார்ட்னர் அந்த அளவுக்குப் பரவாது. ரெண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அங்கேயும் தொட்டிக்குள் தண்ணீர் போனதுதான் வினையைக் கிளப்பியது என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இதற்கும் மூடி இறுக்கம், இடம் உலர்வு.

மூணாவது, பெராக்சைடு. ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியஸ்டர் ரெசினை இறுக வைப்பது இது. மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, சுருக்கமாக எம்.இ.கே.பி. பட்டறையில் இதற்கு ஹார்ட்னர், கேட்டலிஸ்ட் என்று ரெண்டு பேர் உண்டு. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

பெராக்சைடு என்றால் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பு பலவீனமானது. லேசான தூண்டுதலில் அது அறுந்து, ரெசினுக்குள் சங்கிலி வினையைத் தொடங்கி வைக்கிறது. அறுவதற்குத்தான் நாம் அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சிக்கல் என்னவென்றால், அது கேனுக்குள் இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டேதான் இருக்கும். அப்போது வாயு வரும். அதனால்தான் கம்பெனியிலிருந்து வரும் எம்.இ.கே.பி. கேன் மூடியில் வாயு வெளியேற வழி வைத்திருப்பார்கள். அந்த மூடி மூச்சு விட வேண்டும்.

கவனிச்சீங்களா? ரெண்டு ஹார்ட்னருக்குக் காற்றே உள்ளே போகக் கூடாது. மூணாவது ஹார்ட்னருக்கு வாயு வெளியே வந்தே ஆகணும். 'எல்லா ஹார்ட்னரையும் வேற பாட்டில்ல ஊத்தி, காத்து புகாம மூடி வைப்பா'ன்னு ஒரு முதலாளி நல்ல எண்ணத்தோட சொன்னாலும், அதுல ஒரு பாட்டில் குண்டாகிடும்.

முகப்பரு ஜெல்லும் டிங்கரிங் கடையும்

பெராக்சைடுன்னா எங்கேயோ தொழிற்சாலையில இருக்கற பொருள்னு நினைக்காதீங்க. முகப்பருவுக்கு டாக்டர் எழுதித் தர்ற ஜெல்லில் பென்சாயில் பெராக்சைடுன்னு படிச்சிருப்பீங்க. டிங்கரிங் கடையில் காரின் நெளிவை எடுத்துவிட்டு 'பட்டி' போடுவார்கள் இல்லையா? அந்தப் பட்டியோடு கலக்க ஒரு சின்ன ட்யூப் வரும். அதிலும் அதே பென்சாயில் பெராக்சைடுதான். ஜெல்லில் 2.5 அல்லது 5 சதவீதம். பட்டி ட்யூபில் சுமார் 50 சதவீதம். தூய உலர்ந்த தூளாக இருந்தால் உரசலிலேயே வெடிக்கக் கூடியது என்பதால்தான் அதைப் பசையாகக் குழைத்து விற்கிறார்கள். அதனால் பட்டி ட்யூபை மூடாமல் போட்டுக் காய விடுவது நல்ல பழக்கம் இல்லை. ஒரே பொருள், அளவும் வைக்கிற விதமும் மாறினால் குணமே மாறிவிடுகிறது.

சூடு எங்கே போகும்?

பெராக்சைடு சிதையும்போது வெப்பம் வரும். வெப்பம் வந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். கிராமத்தில் வைக்கோல் போர் பார்த்திருந்தால் இது உடனே புரியும். வைக்கோலை ஈரத்தோடு போர் போட்டுவிட்டால், வெளியே யாரும் தீ வைக்காமலே உள்ளே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். மேலே இருக்கும் வைக்கோல் சூட்டை வெளியே விடாது. பெரிய போர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பெராக்சைடு கேனும் அப்படித்தான். சின்னப் பாட்டில் தன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடும். பெரிய கேனின் நடுவில் இருக்கும் சூடு வெளியே வர நேரமாகும்.

இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: ஒரு குறிப்பிட்ட பேக்கிங்கில் இருக்கும் பெராக்சைடை எந்த வெப்பநிலையில் ஒரு வாரம் வைத்தால் அது தானாகச் சூடேறிக் கட்டுப்பாடு இழக்கும் என்பது. கடைகளில் கிடைக்கும் எம்.இ.கே.பி. பலவற்றுக்கு இது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். 'சென்னையில 60 டிகிரி எங்கே வருது?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண் சுத்தமான பொருளுக்கு, கம்பெனி பேக்கிங்குக்கு. துரு, தூசி, வேறு ரசாயனம் ஏதாவது உள்ளே விழுந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆரம்பித்துவிடும். மே மாதம் 40 டிகிரி வெயிலில் தகர ஷீட் கூரைக்கு நேர் கீழே மேல் தட்டில் வைத்த கேன், மதியம் பூராவும் வெயிலில் நின்ற ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிடக்கும் பாட்டில், இதெல்லாம் வானிலை அறிக்கையில் வராத வெப்பநிலைகள். 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் லேபிளில் போடுவது சும்மா இல்லை.

பக்கத்துல யாரு?

வெப்பத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்தும் விஷயம் கேனுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருள்.

நம்ம கடற்கரையில் கட்டுமரம் இருந்த இடத்துக்கு இப்போ ஃபைபர் போட் வந்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிறையவே வந்தது. படகு அடிபட்டால் கரையிலேயே மேட் ஒட்டி, ரெசின் தடவிச் சரி பண்ணுவார்கள். அந்த வேலைக்கு மூன்று திரவம் வேண்டும்: ரெசின், எம்.இ.கே.பி., அப்புறம் ஊதா நிறத்தில் கோபால்ட். கோபால்ட், பெராக்சைடைச் சீக்கிரம் அறுந்துபோக வைக்கும் ஆக்சிலரேட்டர். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் எம்.இ.கே.பி. ஊற்ற வேண்டும். ரெசின் நடுவில் இல்லாமல் இந்த ரெண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

கலக்கும்போது இந்த வரிசை எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். 'கோபால்டும் கேட்டலிஸ்டும் சேரக் கூடாது தம்பி'ன்னு எனக்கே பாடம் எடுப்பாங்க. ஆனா அலமாரியைத் திறந்தா ரெண்டும் ஒரே தட்டுல, ஒட்டி நிக்கும். வேலைக்கு ஒண்ணா எடுக்கறோம், அதனால ஒண்ணா வைக்கறோம். ஒரு கேன் கசிந்தால், ஒன்று சரிந்து விழுந்தால், ஒரே அளவு கப்பை ரெண்டுக்கும் பயன்படுத்தினால், அந்தச் சந்திப்பு ஆள் இல்லாத நேரத்தில் நடக்கும். வெவ்வேறு அறை என்றால் மிக நல்லது. அது முடியாவிட்டால் எதிரெதிர் சுவர், தனித்தனி பிளாஸ்டிக் ட்ரே, தனித்தனி கப். கோபால்ட் முன்கூட்டியே கலந்த ரெசினும் கிடைக்கிறது. அதை வாங்கினால் கோபால்ட் கேனே பட்டறைக்குள் வர வேண்டியதில்லை.

தண்ணி பாட்டில்

இப்போ சொல்லப் போறது ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பெரிய கேனிலிருந்து அன்றன்றைக்கு வேண்டியதைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது. அந்தப் பாட்டில் மூடியில் காற்று வழி கிடையாது. உள்ளே வாயு சேரும். லேபிளும் கிடையாது, இருந்தால் 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்று இருக்கும். எம்.இ.கே.பி. தண்ணீர் நிறம்தான் என்று சொன்னேன் இல்லையா? வேலை முடிந்து தாகத்தோடு வரும் ஒருவர் கைக்கு முதலில் கிடைப்பது அந்தப் பாட்டில்தான். ஒரு மடக்கு போதும், தொண்டையும் வயிறும் வெந்துவிடும். பட்டறையிலேயே தங்கித் தூங்கும் வெளியூர்ப் பையன்கள் நம்ம நகரத்தில் எத்தனை பேர்! அவர்கள் குடிக்கும் தண்ணீர் எந்த பாட்டிலில் இருக்கிறது என்பதுதான் நான் ஒரு பட்டறைக்குள் போனதும் முதலில் பார்க்கிற விஷயம்.

டெக்சாஸிலும் டோக்கியோவிலும்

பெரிய கம்பெனி, பெரிய பணம் இருந்தா இதெல்லாம் வராதான்னா, வரும். 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சாஸைத் தாக்கியது. அங்கே க்ராஸ்பி என்ற ஊரில் ஆர்கேமா நிறுவனத்தின் பெராக்சைடு தொழிற்சாலை. அங்கிருந்த சில பெராக்சைடு வகைகளைக் குளிரில்தான் வைக்க வேண்டும். வெள்ளம் வந்தது, கரன்ட் போனது, ஜெனரேட்டரும் போனது. ஊழியர்கள் எல்லாவற்றையும் குளிரூட்டப்பட்ட டிரெய்லர்களுக்கு மாற்றினார்கள். தண்ணீர் ஏறி அவையும் நின்றுபோயின. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஆட்களை வெளியேற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். பொருள் சூடாகி, தானாகவே தீப்பிடித்து எரிந்தது. சுற்றிலும் ஒன்றரை மைல் தூரத்துக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வாரம் வீடு திரும்ப முடியவில்லை. புகையால் 21 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதையில் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்று மழைக்காலத்துக்கு முன்னாடியே யோசிக்கணும்.

இன்னொன்று பழைய கதை. 1964 ஜூலை 14 இரவு, டோக்கியோவின் ஷினாகவா பகுதியில் ஒரு கிடங்கில் தீ. தீயணைப்பு வீரர்கள் அணைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிடங்கில் அனுமதியில்லாமல் வைத்திருந்த எம்.இ.கே.பி. வெடித்தது. அணைக்க வந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டியது வைத்தவருடைய கடமை.

ஒரு நேயர் கேள்வி

ரெசின் ஆர்ட் பண்ற ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: 'ஹார்ட்னரை ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரொம்ப நாள் வருமா?' வேண்டாங்க. உங்ககிட்ட இருக்கறது அமீன். அதுக்குக் குளிர் தேவையில்லை. மூடி இறுக்கமும் வெயில் படாத அலமாரியும் போதும். எம்.இ.கே.பி.யாக இருந்தாலும் வீட்டு ஃப்ரிட்ஜ் பதில் இல்லை. அங்கே சாப்பாடு இருக்கு, குழந்தைங்க கை போகும். உள்ளே லைட் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட்னு பொறி வரக்கூடிய பாகங்களும் இருக்கு. பெட்ரூம்ல வெச்சு வேலை செய்யறவங்க, ஜன்னல் இருக்கற வேற இடம் பாருங்க.

ஏன் தப்பா வைக்கறாங்க?

தெரியாததால மட்டும் இல்லை. பெரிய கேன் வாங்கினா கிலோவுக்கு விலை குறைவு. சின்ன பட்டறைக்காரருக்கு அந்த வித்தியாசம் ஒரு நாள் கூலி. அதனால பெருசா வாங்கி, பாட்டில்ல பிரிச்சு, ஆறு மாசம் வெச்சுக்கறார். 1989-லேயே அபாயகரமான ரசாயனங்களின் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதிக்கு மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. ஆனால் அவற்றின் கனமான கட்டுப்பாடுகள் பெரிய அளவில் வைத்திருப்பவர்களுக்கு. ஒரு கேன் வைத்திருக்கும் தெருமுனைப் பட்டறைக்கு யாரும் வந்து பாடம் எடுப்பதில்லை. இதைக் கேட்டுக்கிட்டு இருக்கற உங்கள்ல சிலரோட அப்பா அப்படி ஒரு பட்டறை வெச்சிருக்கலாம். சிலர் புதுசா ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்சு, ட்ரோன் பாடியோ சர்ஃப் போர்டோ பண்ணலாம். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

இந்த வாரம் பண்ணக் கூடியது இதுதான்.

ஒண்ணு, லேபிளைப் படிங்க. 'ஹார்ட்னர்' என்ற வார்த்தையைத் தாண்டி அமீனா, ஐசோசயனேட்டா, பெராக்சைடா என்று பாருங்க. புரியலைன்னா விற்றவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேளுங்க; வைக்கற முறை அதில் இருக்கும். தெரிந்ததும் கேன் மேல் மார்க்கரால் பெரிசா, தமிழில், பட்டறையில் எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதுங்க. வாங்கின தேதியும் எழுதுங்க.

ரெண்டு, பெராக்சைடை வந்த கேனிலேயே, நிமிர்த்தி வையுங்க. இரும்பு, செம்பு பாத்திரம் கூடாது. எடுத்ததில் மிச்சம் இருந்தால் திரும்பக் கேனுக்குள் ஊற்றாதீங்க. அழுக்கு உள்ளே போவது அப்படித்தான். பிரித்து வைக்க வேண்டியிருக்கு என்றால், ஆரம்பத்திலேயே சின்ன பேக்கில் வாங்குங்க. பக்கத்துப் பட்டறையோடு சேர்ந்து ஆர்டர் போட்டால் விலையும் கொஞ்சம் இறங்கும்.

மூணு, கோபால்டைப் பிரிச்சு வையுங்க. இன்னைக்கே.

நாலு, சிந்தினால் மரத்தூளோ பழந்துணியோ போட்டுத் துடைத்து மூலையில் எறியாதீங்க, அது பிறகு தானாகப் பற்றலாம். ஈர மணல் போட்டு எடுத்து, வெளியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போங்க.

அஞ்சு, கண். எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கேனைத் தொடுவதற்கு முன் கண்ணாடி போடுங்க. பட்டால் அடுத்த நொடியே தண்ணீர், குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரி. அதனால் கேன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கணும்.

ஆறு, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்க. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, எந்த மூலையில் இருக்கு. கேன் உப்பியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, புகைந்தாலோ தூக்கி வெளியே போட முயற்சி பண்ணாதீங்க. எல்லோரும் வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்க. வருகிறவர் கையில் முதலில் அந்தத் தாளைக் கொடுங்க.

இந்த ஆறுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஒரு மார்க்கர், ரெண்டு பிளாஸ்டிக் ட்ரே, ஒரு கண்ணாடி. இந்த எபிசோடை யாராவது ஒரு பட்டறைக்காரருக்கு அனுப்புங்க. அதைவிட, நேர்ல போய் அந்த அலமாரியை அவரோட சேர்ந்து ஒரு தடவை திறந்து பாருங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.